மூன்று கால் ரம்ப மேசை

ஆடுகளை வெளியே கட்டிவிட்டுத்தான் ரம்பத்தைக் கொட்டகைக்குள் கொண்டுவந்தோம். அதனால் ரம்பம் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் ஆடுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான்தான்.

அது மைட்டர் ரம்பம். மரச்சட்டத்தை வேண்டிய கோணத்தில் வெட்டித் தருவது. வட்ட வாள் மேலிருந்து கொக்குபோலத் தலையைக் குனிந்து ஒரே கொத்தாகக் கொத்திவிட்டு மறுபடி நிமிர்ந்துகொள்ளும். மதுரையில் யாரோ பட்டறையைக் காலி செய்தபோது என் கணவர் முத்துகிருஷ்ணன் அதை வாங்கி வந்தார். அவருக்கு மணியாச்சியில் ரயில் பாதை பராமரிக்கிற வேலை. எனக்குப் பகலில் நூற்பாலை அலுவலகம், மாலையில் கோவில்பட்டியில் தச்சு வகுப்பு. வகுப்பில் சேரப் போன அன்று பெயர் எழுதுகிறவர் என்னைப் பார்த்துவிட்டு, "தையல் வகுப்பு மாடியில" என்றார். நான் மாடிவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். இல்லை, எனக்குத் தச்சுதான் என்று சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

ரம்பம் முதலில் ஒரு பழைய இரும்பு ஸ்டூல்மேல் இருந்தது. நீளமான சட்டத்தை வைத்தால் வால் கீழே தொங்கும். யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வேலை முடிந்து வந்து அவர் பிடிப்பார். பிடித்தபடியே கண் சொக்குவார். வால் மெல்ல இறங்கும், வெட்டு கெடும். நான் அவரை எழுப்ப மாட்டேன். தப்பு என்னுடையதாகவும் இருக்கலாமே என்று மறுபடி வெட்டிப் பார்ப்பேன். இப்படியே விறகு சேர்ந்துகொண்டிருந்தது. கடைசியில், ரம்பத்துக்கு இரண்டு பக்கமும் சிறகுபோல நீண்ட மேசை போட்டு, மரம் முதுகு சாய்ந்து நிற்க ஒரு நேர்ப்பலகையும் வைத்துவிட்டால் யாரும் வாலைப் பிடிக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

என் மாமியார் பெயர் பேபி. பெயரைக் கேட்டு யாராவது சிரித்தால், "எங்கய்யா அன்னைக்கு வச்சாரு. நான் வளந்துட்டேன், பேரு வளரல. அதுக்கு என்ன செய்ய?" என்பார். ஆடுகள் அவருடையவை. கொட்டகையும் அவருடையது. ஆடுகளை இடம் மாற்றிய அன்று, கொட்டகைக்குப் பின்னால் கட்டிய தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டிருந்த மயிலியின் முதுகைத் தடவியபடி கேட்டார். மயிலி சினையாக இருந்தது.

"ஏட்டி பிரியா, மழை பிடிச்சா இது எங்கன நிக்கும்?"

"தார்ப்பாய நல்லா இழுத்துக் கெட்டித் தாரேன் அத்தை."

"அப்ப உம் மிசின அதுக்கு அடியில வையி. என் ஆட்ட உள்ள விடுதேன்."

அவர் வீட்டுக்குள் போய் ஒரு கண்ணாடியைத் தூக்கி வந்தார். எட்டு மூலைக் கண்ணாடி. அதன் சட்டத்தை எப்போதோ கரையான் தின்றுவிட்டது. கண்ணாடியை மட்டும் கரையானுக்குத் தின்னத் தெரியவில்லை. அதை முற்றத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். உடனே சுவரில் ஒரு துண்டு வானம் முளைத்தது.

"இதுக்கு ஒரு சட்டம் போடு. மழை வாரதுக்குள்ள போட்டுரு. நான் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பேன். எட்டு மூலையில எதுலயாச்சும் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிஞ்சா மிசினு வெளிய, ஆடு உள்ள. சரியா?"

"சரி அத்தை" என்றேன்.

எட்டு மூலைச் சட்டம் என்றால் எட்டுத் துண்டு, பதினாறு வெட்டு. ஒவ்வொரு வெட்டும் இருபத்திரண்டரை பாகை. ஒரு வெட்டில் மயிரிழை பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. அந்த மயிரிழை ஒவ்வொரு மூலையாகச் சேர்ந்து வந்து கடைசி மூலையில் வாயைத் திறக்கும்.

மேசை போட எனக்குச் சில வாரங்கள் ஆயின. கைப்பேசியில் யார் யாருடைய பட்டறைகளையோ பார்த்தேன். வெளிநாட்டு ஆட்கள், வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தும் அறையில், வழவழவென்ற கான்கிரீட் தரையில் மேசைகளை நிறுத்தி, மரத்தூள் பறக்காமல் வெட்டினார்கள். நான் அவர்களுடைய மேசைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரையைப் பார்க்கவில்லை. எங்கள் கொட்டகையில் கரிசல் மண்மேல் கற்பலகைகளைப் பாவியிருந்தார்கள். ஆடு நிற்க அது போதும்.

எங்கள் வகுப்பு ஆசிரியர் அழகிரிசாமி சாருக்கு ஒரு வாக்கியம் உண்டு. "மட்டம் பாக்காத மேசை மட்டமான மேசை." ரசமட்டத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் சொல்வார். சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே திரவம், அதில் ஒரு குமிழி. குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நின்றால் மட்டம். எனக்கு அந்தக் குமிழியைப் பிடிக்கும். நான் சரியா தப்பா என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதுவே சொல்லிவிடும்.

நடுவில் ரம்பத்துக்கு ஒரு மேசை, இடதுபுறம் ஒரு சிறகு, வலதுபுறம் ஒரு சிறகு. மூன்றும் தனித்தனி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கால். பின்சுவரை ஒட்டி வரிசையாக நிறுத்தினேன். ஒவ்வொன்றின் மேலும் ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்து, குறுக்குவாக்கில் வைத்து, பிறகு ரசமட்டத்தையே திருப்பிப் போட்டு, அது பொய் சொல்கிறதா என்றும் பார்த்தேன். மூன்று மேசையிலும் குமிழி நடுவில் நின்றது. மரத்தின் முதுகுப்பலகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூல் பிடித்தாற்போல ஓடியது. எல்லாத் துண்டும் ஒரே நீளம் வர இடச்சிறகில் ஒரு தடைக்கட்டையும் பொருத்தினேன்.

அன்று மாலை மேற்கு வெயில் ஓட்டுச் சந்து வழியாக இறங்கி மேசைமேல் படுத்திருந்தது. மரத்தூள் அதில் மிதந்தது. நான் ஒன்றும் வெட்டாமல் வெகுநேரம் நின்றேன். சிறகு விரித்து நிற்கிற அதைத் தொட்டால் பறந்துவிடும்போல இருந்தது.

அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கொக்குக்கு ரெக்கை முளைச்சுட்டு" என்றார். "இனிமே நான் நிம்மதியா வீட்டுல உறங்கலாம்."

மறுநாள் மாலை வெட்டினேன். வாகைப் பலகை. இரண்டு சட்டத்துக்குத்தான் காணும். பதினாறு வெட்டையும் வெட்டி, எட்டுத் துண்டையும் தரையில் வட்டமாக அடுக்கினேன். முதல் மூலை மூடியது, இரண்டாவது மூடியது. ஏழாவது வரை மூடியது. எட்டாவது திறந்திருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து தீக்குச்சி எடுத்து அந்த இடைவெளியில் செருகினார்.

"பாரேன், குச்சி அளவெடுத்த மாதிரி நிக்கு" என்றார். பாராட்டுகிற குரல் அவருக்கு. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குச்சியை உருவிக்கொண்டார்.

ரசமட்டத்தை எடுத்து வைத்தேன். நடு மேசை மட்டம். வலச்சிறகு மட்டம். இடச்சிறகில் குமிழி சுவர்ப்பக்கமாக ஒதுங்கி நின்றது. சிறகின் பின்கால்கள் மேலே வந்திருந்தன. மேசை எங்களை நோக்கிக் கொஞ்சம் குனிந்திருந்தது. அதனோடு முதுகுப்பலகையும் முன்னால் வந்து, சாய்கிற மரத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் தள்ளியிருந்தது.

நேற்று நான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் தீப்பெட்டி ஆபீசில் கழித்துப்போட்ட, மருந்து முக்காத குச்சிகள் இருக்கும், அடுப்புப் பற்றவைக்க. ஒரு கை அள்ளி வந்து இடச்சிறகின் முன்கால்களுக்கு அடியில் ஒவ்வொரு குச்சியாகச் செருகினேன். குமிழி நகர்ந்து நடுவுக்கு வந்தது.

மறுநாள் மாலை அது மறுபடி ஒதுங்கியிருந்தது. மறுபடி குச்சி. அடுத்த நாளும் அப்படியே. காலுக்கு அடியில் குச்சிகள் ஒரு சின்னக் கட்டுமரம்போல அடுக்காயின.

"மேசை வளருதுட்டி" என்றார் அவர். "உரம் எதும் போட்டியா?"

"விளையாடாதீய. நான் ஒழுங்காத்தான் வைக்கேன்னு நினைக்கேன். ஆனா காலையில போயிட்டு வந்தா மாறிருது."

"அம்மாதான் ராத்திரி வந்து தூக்கி வைக்கா."

"ஏலே, எனக்கு வேற சோலி இல்லையா?" என்று முற்றத்திலிருந்து பேபி அத்தை கேட்டார். "தூக்குறதா இருந்தா ஒரேயடியா வெளிய தூக்கி எறிவேன்."

அந்த வாரங்களில் நான் சரியாக உறங்கவில்லை. உறக்கத்தில் கொட்டகை மெதுவாக மூச்சு விட்டது. கற்பலகைகளுக்கு அடியில் ஏதோ புரண்டு படுத்தது. விளாத்திகுளம் வரை விரிந்து கிடக்கும் கரிசல் முழுக்கக் கறுப்பு அலையாக எழும்ப, அதன்மேல் என் மூன்று மேசைகளும் தனித்தனியாக மிதந்து ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போயின. நான் தீக்குச்சியை வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். விழித்தபிறகும் கொஞ்ச நேரம் கட்டில் அசைவதாகவே இருந்தது. காலையில் பேருந்து ஜன்னல் வழியே பார்த்தால் நிலம் வெடித்து வாய் பிளந்து அசையாமல் கிடக்கும். மானாவாரிக் காடுகளை உழுது போட்டுவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் வானத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. வடக்கே தினமும் கொஞ்சம் மேகம் கட்டியது. வாகையில் இன்னும் ஒரு சட்டத்துக்குத்தான் மரம் இருந்தது. மயிலியின் வயிறு இறங்கிக்கொண்டிருந்தது.

குறை என் கண்ணிலா, கையிலா, குமிழியிலா என்று மாற்றி மாற்றி யோசித்தேன். கண்ணையும் கையையும் மாற்ற முடியாது. குமிழியை மாற்றலாம். வார விடுமுறையன்று திருநெல்வேலிக்குப் போய், கை நீளத்துக்கு ஒரு நல்ல ரசமட்டம் வாங்கினேன். திரும்பும்போது பாசஞ்சர் ரயில். மணியாச்சியில் அவர் வேலை முடிந்து அதே பெட்டியில் ஏறிக்கொண்டார்.

பொறுக்க முடியாமல் பையிலிருந்து அதை எடுத்து இருக்கையில் வைத்தேன். எதிரே இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் தலையை நீட்டினார்.

"என்னம்மா அது? மீன் கிடக்கிற மாதிரி இருக்கு."

"ரசமட்டம் அண்ணாச்சி. மட்டமா இருக்கான்னு பாக்கது."

"ஓ! ரயிலு மட்டமாப் போகுதா?"

என் கணவர் முந்திக்கொண்டார். "ரொம்ப மட்டம் அண்ணாச்சி. முக்கால் மணி நேரம் லேட்டு."

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் பெட்டியே குலுங்கியது. என் கணவரை ரயில்வே ஆள் என்று தெரிந்ததும் வெள்ளைச் சட்டைக்காரர், "அப்ப இவியகிட்டத்தான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்று இன்னும் சிரித்தார். நான் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு இடத்தில் நிற்கவில்லை. இந்தக் கோடு, அந்தக் கோடு என்று உலாவியது. ரயில் ஒரு வளைவில் திரும்பியபோது முழுவதுமாக ஒரு ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

"ஏங்க, ஓரத்துக்குப் போயிட்டு."

"வளைவுல்லா. வெளித்தண்டவாளத்தத் தூக்கித்தான் போட்டிருப்போம்."

அப்படியென்றால் நான் இப்போது சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். அண்ணாச்சியும் சாய்ந்திருக்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். நான்கு மூலையும் மூடியிருந்தன. மேலே படுக்கைப் பலகையும் கீழே இருக்கையும் தங்களுக்குள் எப்போதும்போல இருந்தன. வெளியே கரிசல் காடும் பனைகளும் காற்றாலைகளும் சரிந்து கடந்தன. சாயங்கால வெளிச்சத்தில் பெட்டி முழுக்க ஒரே உடலாக, ஒரு பக்கம் தலை சாய்த்து உறங்கும் பிள்ளைபோலப் போய்க்கொண்டிருந்தது.

"ஜன்னல் மூலை பிரியலியே" என்றேன்.

"பிரிஞ்சா ஊரு போய்ச் சேர முடியுமா?"

"அதில்ல. பெட்டி மட்டமா இல்ல. ஆனா பெட்டிக்குள்ள எல்லாம் ஒண்ணுக்கொண்ணு மட்டமா இருக்கு."

அவர் பைக்குள் கையை விட்டார். "கடலை மிட்டாய் திங்கியா?" என்றார். நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று அவருக்குத் தோன்றினால் அப்படித்தான் கேட்பார்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டவில்லை. கொட்டகையின் பின்பக்கமாக நடந்தோம். தார்ப்பாய்க்கு அடியில், சுவரை ஒட்டி, ஆடுகள் குடிக்கும் சிமெண்டுத் தொட்டி. ஆடுகளை வெளியே கட்டியபோது அதுவும் கூட வெளியே வந்தது. பேபி அத்தை ஓஸ் பைப்பை அதில் போட்டுவிட்டு மயிலியின் காதில் உண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டி நிறைந்து வழிந்தது. வழிந்த தண்ணீர் முற்றத்தில் ஓடவில்லை. தேங்கவும் இல்லை. சுவரோரம் இருந்த ஒரு வெடிப்பு அதை அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தது. குனிந்தால் உள்ளே எங்கோ ஆழத்தில் அது இறங்கும் சத்தம் கேட்டது. யாரோ ரகசியமாகச் சிரிப்பதுபோல. சுவருக்கு அந்தப் பக்கம், நேராக, என் இடச்சிறகின் பின்கால்கள்.

கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும் என்று இந்தப் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். வீடு கட்டினால் கரிசலைத் தோண்டி எறிந்துவிட்டுச் சரளை கொட்டாமல் யாரும் கடைக்கால் போட மாட்டார்கள். எனக்கும் தெரியும். மேசைக்கும் அது பொருந்தும் என்று மட்டும் தோன்றவில்லை. கான்கிரீட் தரையில் நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து, நானும் கான்கிரீட்டில் நிற்பதாகவே நினைத்திருக்கிறேன்.

"அத்தை, தொட்டி தினமும் இப்படித்தான் வழியுமா?"

"வழியாம? ஓஸப் போட்டுட்டு நான் என்ன அதையே பாத்துக்கிட்டா நிப்பேன்?"

என் கணவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. "யம்மா, தொட்டிய அங்கிட்டு நகட்டுவோம்."

"ஓஸு அங்கிட்டு எட்டாது. எதுக்கு நகட்டணும்?"

"இந்தத் தண்ணிதான் உள்ள மேசையத் தூக்குது."

பேபி அத்தை நிமிர்ந்தார். "பாத்தியா மயிலி! ஒன்ன வெளிய தள்ளுனது பத்தாதுன்னு இப்பம் நீ தண்ணி குடிக்கதும் குத்தமாம். மேசை கோணுனா ஆடு என்னலே செய்யும்? ஆட்ட வெளிய கெட்டிட்டுத் தொட்டிய உள்ள வச்சுக் குடிக்கச் சொல்லுதியளா?"

"தொட்டி இங்கனயே இருக்கட்டும் அத்தை" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நாளைக்கு மழை வந்தா ஊரே தொட்டிதான். அதை எங்க நகட்ட?"

மூன்று மேசைகளையும் பிரித்தேன். நீளமான இரண்டு சதுர இரும்புக் குழாய்களை இணையாகப் போட்டு, ரம்பத்தையும் இரண்டு சிறகுகளையும் முதுகுப்பலகையையும் அந்தக் குழாய்கள்மேலேயே போல்ட் போட்டு இறுக்கினேன். ஒரே உடல். ரசமட்டத்தை அலமாரியில் வைத்துவிட்டு நூலை எடுத்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துக் கட்டி, நூலுக்கும் பலகைக்கும் இடையில் எந்த இடத்திலும் வெளிச்சம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்தேன். புது ரசமட்டம் அலமாரியில் கிடந்து என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. அதைப் பார்க்காமல் இருப்பது எளிதாக இல்லை. தப்புச் செய்கிறோமோ என்று கை இரண்டு முறை அலமாரிப் பக்கம் போய் வந்தது.

கால்தான் கடைசி. நான்கு கால் வைத்தால் தரை அசையும்போது ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும். அப்போது உடல் முறுக்கும். முற்றத்தில் ஆடுகளுக்குத் தவிட்டுக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கல் கூட்டிய அடுப்பு. ஒரு கல் மேடு, ஒரு கல் பள்ளம், பானை கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஆனாலும் ஆடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே போய் மூன்று கால் மட்டும் வைத்தேன். பின்னால் இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று, முன்னால் ரம்பத்துக்கு நேராக அகலப் பாதத்தோடு ஒன்று.

பேபி அத்தை எட்டிப் பார்த்தார். "என்னட்டி, நொண்டிக் கழுத மாதிரி மூணு காலு?"

"உங்க அடுப்புக்கு எத்தனை கல்லு அத்தை?"

அவர் திரும்பி அடுப்பைப் பார்த்தார். பிறகு, "அடுப்பு மேல ரம்பம் ஓடாதுல்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஐப்பசி மழை ஒரு மதியத்தில் வந்தது. ஆலையிலிருந்து திரும்பும்போது கரிசல் செருப்பில் அப்பிக்கொண்டு என்னைக் கொஞ்சம் உயரமாக்கியது. இரண்டு நாள் விட்டு விட்டுப் பெய்தது. வெடிப்புகள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. கொட்டகைக்குள் கற்பலகைகள் மேடு பள்ளமாகியிருந்தன. மேசை முழுதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கரையில் ஒதுங்கிய தோணிபோல நின்றது. ரசமட்டத்தை எடுத்து வைக்காமல் இருக்க முடியவில்லை. குமிழி ஒரு ஓரத்துக்கே போய்விட்டது. கை தானாகக் குச்சிப் பெட்டியைத் தேடியது. குச்சிகள் நமத்துப்போய் இருந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டு நூலை இழுத்துப் பிடித்தேன். பலகையும் நூலும் கடைசிவரை ஒன்றாகவே போயின.

மின்சாரம் போய்ப் போய் வந்தது. வருகிறபோது வெட்டினேன். ஓட்டில் மழை கொட்டும் சத்தத்தில் ரம்பத்தின் சத்தமே கேட்கவில்லை. கொக்கு ஓசையில்லாமல் குனிந்து, ஓசையில்லாமல் நிமிர்ந்தது. வாகையின் மணமும் ஈரமண்ணின் மணமும் ஒன்றாகி, நான் எங்கோ நடு நீரில் நின்று வெட்டுவதாகத் தோன்றியது. கால் சாய்ந்த தரையில், உடம்பும் கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது. பதினாறாவது வெட்டு விழுந்தபோது இது கடைசி என்று எனக்கு உடனே உறைக்கவில்லை.

தரையில் அடுக்கினேன். ஏழு மூலை மூடியது. எட்டாவதைத் தள்ளும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அவர்தான் குச்சியோடு வந்து உட்கார்ந்து பார்த்தார். ஒவ்வொரு மூலையாகக் குச்சியை வைத்து அழுத்தினார். பிறகு அதை உரசிப் பார்த்தார். பற்றவில்லை. "எதுக்கும் உதவாத குச்சி. உள்ள போகவும் மாட்டேங்கு, எரியவும் மாட்டேங்கு" என்றார்.

பசை தடவி, சுற்றிக் கட்டி இறுக்கக் கயிறு வேண்டியிருந்தது. கொடியில் மயிலியைக் கட்டும் மாற்றுக் கயிறு கிடந்தது. அதைச் சுற்றி, ஒரு கம்பைக் கொடுத்து முறுக்கினேன்.

காலையில் மழை விட்டிருந்தது. வானம் முழுக்க வெள்ளையாக, எந்தப் பக்கம் சூரியன் என்று தெரியாத வெளிச்சம். பேபி அத்தை கயிற்றை அவிழ்த்து, சட்டத்தை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினார். எட்டு மூலைக்குள் வானம். அவர் அதை ஸ்டீயரிங்போல மெல்லத் திருப்பினார். ஒரு மூலை. அடுத்த மூலை. தார்ப்பாய் முழுக்கத் தண்ணீர் கட்டித் தொங்கியதை, அதற்கு அடியில் மயிலி நனைந்து நின்றதை, நான் அப்போதுதான் பார்த்தேன். கயிற்றை எடுக்க வந்தபோது கண்ணில் படவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஆறாவது மூலையில் அவர் கை நின்றது. சட்டத்தை இறக்கி முகத்துக்கு அருகில் கொண்டுவந்தார்.

"ஏட்டி, இங்கன ஒரு கோடு தெரியுது."

அவர் நகத்தால் சுரண்டினார். கோடு வளைந்து எழுந்தது. இணைப்பின் மேல் பசையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கறுப்பு முடி. கயிற்றிலிருந்து வந்திருக்கிறது.

"யாத்தாடி" என்றார் பேபி அத்தை. "மயிலி கையெழுத்துப் போட்டிருக்கா." மறுபடி தூக்கிப் பார்த்தார். மீதி இரண்டு மூலையையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "வெளிச்சம் ஒண்ணும் இல்ல" என்றார். "மிசினு இருந்துட்டுப் போகுது."

நான் நினைத்திருந்த மகிழ்ச்சி உடனே வரவில்லை. வடக்கே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. கொட்டகைக் கதவின் இரண்டு பலகையையும் திறந்துவிட்டேன். நான்கு நான்காகப் பன்னிரண்டு கால் நின்ற இடத்தில் இப்போது மூன்று கால்தான். சிறகுகளுக்கு அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெறுந்தரை கிடந்தது.

"மயிலிய உள்ள கெட்டுங்க அத்தை. மத்ததையும்."

"உம் மிசினு?"

"அது மேல நிக்கட்டும். ஆடு கீழ நிக்கட்டும். வெட்டுற நேரம் மட்டும் வெளிய பிடிச்சுக்கிடுங்க."

"மேசையில முட்டுச்சுன்னா?"

மயிலி அதற்குள் உள்ளே போய்விட்டது. நேராகப் போய்ப் பின்காலில் விலாவைத் தேய்த்தது. மேசை முழுதும் ஒன்றாக அசைந்து, ஒன்றாக நின்றது. அதன்மேல் நான் மறந்து வைத்திருந்த ரசமட்டத்தில் குமிழி ஓடிப்போய்த் திரும்பி வந்து, தன் ஓரத்திலேயே நின்றுகொண்டது.

சாயங்காலம் ரசமட்டத்தை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டு, கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தினோம். வீட்டுக்குள் மாட்டப் போனபோது பேபி அத்தை தடுத்தார். கொட்டகையிலேயே, மேசைக்கு மேலே, பின்சுவரில் மாட்டச் சொன்னார். மயிலி குட்டி போடுகிற வரைக்கும் தானும் இனி இங்கேதான் கிடக்கப் போகிறாராம். ஆணி அடித்து மாட்டினோம். எட்டு மூலைக்குள் திறந்த கதவும், மழையும், மழைக்கு அந்தப் பக்கம் கறுப்பாக நனைந்த நிலமும் வந்து உட்கார்ந்துகொண்டன.

பேபி அத்தை தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். "கோணலா இருக்கேட்டி."

"கண்ணாடி நேராத்தான் இருக்கும்மா" என்றார் அவர். "சுவருதான் சாஞ்சிருக்கு."

நான் அலமாரிப் பக்கம் போனேன். ரசமட்டத்தை எடுக்கத்தான் போகிறேன் என்று இருவரும் நினைத்திருப்பார்கள். குச்சிப் பெட்டியிலிருந்து நமத்துப்போன குச்சி ஒன்றை எடுத்து வந்து, கண்ணாடிக்குப் பின்னால், கீழ்மூலையில் செருகினேன்.

"இப்பம்?" என்றேன்.

"இப்பம் சரியா இருக்கு" என்றார் பேபி அத்தை, தலையை நிமிர்த்தாமலே.